மோர்பியிலிருந்து ஸ்காபரோவுக்கு 880 பெட்டி ரைல்ஸ்

ரொறன்ரோவில் பதினாறு வருடமாக ரைல்ஸ் பதிக்கிறேன். ஊரில் இதை மாபிள் பதிப்பது என்றுதான் சொல்வோம். இங்கும் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால், "தம்பி, மாபிளோடு சேர்த்து எவ்வளவு முடியும்?" என்றுதான் கேட்பார்கள். இவ்வளவு காலமும் கடையில் வாங்கித்தான் பதித்தேன். 2024 இல் முதல் முறையாக நானே ஒரு கொன்ரெய்னர் இறக்கினேன். அதன் பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து விசாரிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் பாதிக் கதை சொல்வதை விட, முழுவதையும் ஒருதரம் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

கடையில் நான் வாங்கிய போசலின் ரைல்ஸ் பெட்டிகளில் இந்தியாவில் செய்தது என்ற அச்சு சில வருடங்களாகவே கூடிக்கொண்டு வந்தது. விசாரித்தால் எல்லாம் ஒரே ஊர்: குஜராத்தில் மோர்பி. ஐந்து தொழிற்சாலைகளுக்கு எழுதினேன். ஐந்துமே மே மாதத்துக்குள் மாதிரிகளை அனுப்பிவிட்டன. விலைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம் என்று மாதிரிகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

போசலின் என்று சொல்ல வேண்டுமானால் அது தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக்கூடாது. கனடாவில் இது முக்கியம். கராஜிலும் வெளிவாசலிலும் உறிஞ்சிய தண்ணீர் உறைந்து விரிந்தால் ரைல்ஸ் வெடித்துவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் ஏறக்குறைய 1,200 கிராம் வரும்படி ஒரு துண்டு வெட்டி, காயவைத்து, வீட்டுச் சமையல் தராசில் நிறுத்தேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து, மறுபடி நிறுத்தேன். நாலு துண்டுகள் ஒன்று இரண்டு கிராமுக்கு மேல் ஏறவில்லை. ஒன்று 14 கிராம் ஏறியது. அந்தத் தொழிற்சாலையின் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. ஆய்வுகூடச் சோதனையில் இதை விடக் கடுமையாகத்தான் பார்ப்பார்கள். இருந்தாலும் ஒருவரைத் தள்ளிவிட இது போதும்.

ஜூலையில் சென்னையில் ஒரு கலியாணம். அது முடிந்த கையோடு அகமதாபாத்துக்குப் பறந்து, அங்கிருந்து காரில் மோர்பிக்குப் போனேன். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தொழிற்சாலைகள்தான். போசலின் வருவதற்கு முன் அந்த ஊர் கூரை ஓட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பெயர் போனதாம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அதைக் கேட்டபோது ஊர் கொஞ்சம் நெருங்கியது போல இருந்தது. நான் போன தொழிற்சாலைக்குள் மாவு போல உலர்த்திய மண்ணை அச்சில் அழுத்தி, மேலே படத்தை அச்சடித்து, நீண்ட சூளைக்குள் உருளைகள் மேல் விடுகிறார்கள். 1,200 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வெந்து, ஒரு மணி நேரம் போல் ஆனதும் மறுமுனையில் ரைல்ஸாக வெளியே வருகிறது.

அங்கே பொறுப்பாக இருந்த பையன் காட்சி அறையை விட்டு நகர மனமில்லாமல் இருந்தான். நான் பெட்டி அடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று நின்றேன். காட்சி அறையில் இருப்பது தேர்ந்தெடுத்த ரைல்ஸ். எனக்கு வரப்போவது பெட்டிக்குள் இருப்பதல்லவா? நானாகக் கை காட்டிய ஆறு பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன்.

முதலில் பார்த்தது பின்பக்கம். ரைல்ஸ் சூளை உருளையில் ஒட்டாமல் இருக்க அடியில் ஒரு வெள்ளைப் பூச்சுத் தடவுவார்கள். அது அளவோடு இருக்க வேண்டும். விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனி சோக்குப் பிடித்தது போல வெள்ளையாகிவிட்டது. இப்படி இருந்தால் பசை ரைல்ஸைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். ஆறு மாதத்தில் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்கும். பழி பதித்தவன் தலையில் விழும். என் தலையில் விழுந்தும் இருக்கிறது. ஒரு வீட்டின் குசினி முழுவதையும் என் சொந்தச் செலவில் கிண்டி எடுத்திருக்கிறேன்.

அடுத்தது வளைவு. நான் எடுத்தது 600க்கு 1,200 மில்லிமீட்டர் அளவு. இந்த நீளத்தில் எல்லா ரைல்ஸும் நடுவில் கொஞ்சமாவது மேடு கட்டும். இரண்டை முகத்தோடு முகம் வைத்து, முனைகளில் தெரியும் இடைவெளியைப் பார்த்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். செங்கல் போலப் பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் ஒன்றின் மேடு மற்றதன் முனையோடு சந்தித்து, கால் தடுக்கும். அதனால்தான் நீள ரைல்ஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிப் பதிக்கக்கூடாது என்று இங்கே விதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் படத்தில் பார்த்த பாதிக்குப் பாதிதான் வேண்டும். அது எப்போதும் நடக்கும் வாக்குவாதம், அதை விடுவோம். கனடாவின் பத்துச் சத நாணயம் 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. அதைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அந்த இடைவெளியில் நாணயம் இலேசாக ஓடினால் வேண்டாம் என்றேன். ஆறில் ஒரு பெட்டியில் ஓடியது.

இவை எல்லாவற்றையும் விலைக் கடிதத்தில் எழுத வைத்தேன். பின்பக்கத் தூள், வளைவு 1.2 மில்லிமீட்டர், ஒரு நிறத்துக்கு ஒரே தயாரிப்புத் தொகுதி, நனைந்த நிலையில் வழுக்காமல் பிடிக்கும் அளவு 0.42க்குக் குறையாமல் சோதனை அறிக்கை. பளிங்குக் கோடு போட்ட பொலிஷ் ரைல்ஸில் கோடு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் தரை துணிக்கடை போல இருக்கும். அதனால் எத்தனை வேறு வேறு படங்கள் என்பதையும் எழுதினோம். நான் எடுத்த இரண்டு நிறத்திலும் மாதிரித் துண்டுகளின் பின்னால் நானும் அவர்களும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டோம். அந்தக் கையெழுத்துத் துண்டுகளை என் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

விலை ஒரு சதுர மீட்டருக்கு 5 அமெரிக்க டொலருக்குக் கொஞ்சம் குறைவு, முந்திரா துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை அவர்கள் பொறுப்பு. முப்பது வீதம் முன்பணம், மிச்சம் கப்பல் ரசீதின் பிரதி வந்ததும். கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த விலையைக் கேட்டதும் சதுர அடிக்கு 50 சதம் கூட வரவில்லையே என்று கண்ணை விரிக்கிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். ரைல்ஸ் பாரமான, விலை குறைந்த சாமான். இருபதடிக் கொன்ரெய்னரில் இடம் நிரம்புவதற்கு முன்பே எடை நிரம்பிவிடும். எனக்கு 20 பலெற் (பெட்டி அடுக்கும் மரத்தட்டு), பலெற்றுக்கு 44 பெட்டி, பெட்டிக்கு ஏறக்குறைய 29 கிலோ. மொத்தம் 880 பெட்டி, 1,267 சதுர மீட்டர். அந்த வருடம் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. கப்பல் கூலி சரக்கின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் காப்புறுதி, சுங்கம், ரயில், பாரவண்டி, இறக்கு கூலி. சதுர அடிக்கு எவ்வளவு என்பதை என் களஞ்சியத் தரையில் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓகஸ்ட் கடைசி வாரம் குஜராத்தில் கடும் மழை, வெள்ளம். மாதக் கடைசியில் கச்சுக் கரைக்கு அப்பால் அஸ்னா புயலும் உருவானது. என்னுடைய பெட்டிகள் அந்த நேரம் முற்றத்தில் படங்குக்குக் கீழே இருந்தன. சரக்கு ஏற்றுவதற்கு முன் பார்க்க ராஜ்கோட்டில் இருந்து ஒரு பரிசோதகரை அமர்த்தியிருந்தேன். அவர் வட்ஸ்அப் வீடியோவில் வந்து, கீழ் வரிசைப் பெட்டி ஒன்றை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். மட்டை அப்படியே உரிந்து வந்தது. போசலினுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் நைந்த மட்டை மேல் பெட்டிகளின் பாரத்தைத் தாங்காமல் நசுங்கும், பலெற் சரியும், மூலைகள் உடையும். தொழிற்சாலையில் பையன், "அண்ணா, காய்ந்தால் சரியாகிவிடும், கப்பல் தவறிவிடும்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான். அண்ணா என்ற ஒரு தமிழ்ச் சொல்லை என்னிடம் கற்றுக்கொண்டிருந்தான். தவறட்டும் என்றேன். புதிய பெட்டிகளில் மாற்றி அடுக்க ஒரு கிழமை போனது. முழு முயற்சியிலும் எனக்கு மிகவும் பயனாக இருந்த செலவு அந்தப் பரிசோதகருக்குக் கொடுத்த கூலிதான். கதவை மூடி முத்திரை போட்ட பிறகு வாங்குகிறவன் கையில் ஒன்றும் இல்லை. காசு முழுவதையும் கொடுத்தால்தான் சாமான் கையில் வரும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: ஒவ்வொரு பலெற்றிலும் உள்ள மர முத்திரையின் படம். பலெற் மரத்தின் நடுப்பாகம் 56 பாகை சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அதற்குச் சாட்சியாகக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாத மரத்தோடு வந்தால் கனடா சரக்கையே திருப்பி அனுப்பச் சொல்லலாம். இருபதில் இரண்டு பலெற்றில் முத்திரை இல்லை. மாற்றினார்கள்.

கப்பல் செப்டெம்பர் நடுவில் புறப்பட்டது. அது கடலில் இருக்கும்போதே, ஒக்டோபர் 21 அன்று, கனடாவில் இறக்குமதி முறை மாறியது. காம் (CARM) என்ற சுங்க இணையக் கணக்கு ஒவ்வொரு இறக்குமதியாளருக்கும் கட்டாயம். முன்பு சுங்க வேலையைப் பார்க்கும் புரோக்கரின் பிணையிலேயே சரக்கை வெளியே எடுக்கலாம். இனி நாமே பிணை வைக்க வேண்டும். அதற்கு மட்டும் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அக்காவின் மகன் இரண்டு இரவு என்னோடு இருந்து கணக்குத் திறந்து தந்தான். "மாமா, கணக்குத் திறந்தால் மட்டும் போதாது, புரோக்கருக்கு உள்ளே அனுமதி கொடுக்க வேண்டும்" என்று அவன் சொல்லாவிட்டால் நான் அங்கேயே விட்டிருப்பேன். வணிக எண்ணின் பின்னால் இறக்குமதிக்கான ஆர்எம் கணக்கு எண்ணும் முன்னமே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்ரி 5 வீதம் அப்போதே கட்ட வேண்டும். பதிவு செய்த வியாபாரம் என்றால் பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தக் காசு அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும்.

மிச்சப் பணம் அனுப்பும் நாளில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே பெயர், அதே கையொப்பம். எனக்கு உடனே சந்தேகம் வரவில்லை. பெரிய தொகை என்பதால் எண்ணை ஒருதரம் வாசித்து உறுதிப்படுத்தலாம் என்று பையனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் அப்படி ஒன்றும் அனுப்பவேயில்லை.

நவம்பர் முதல் வாரம் சரக்கு மொன்றியலில் இறங்கியது. பத்தாம் திகதி இரவு துறைமுகத்தில் கதவடைப்பு. பன்னிரண்டாம் திகதி மத்திய தொழில் அமைச்சர் தலையிட்டார், பதினாறாம் திகதி வேலை மறுபடி தொடங்கியது. பேச்சுவார்த்தை இழுபட்டுக்கொண்டிருப்பது செய்தியில் வந்ததுதான். கப்பல் ஏற்றும்போதே ஹலிபாக்ஸ் வழியையும் விசாரித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் மார்க்கம் நகரில் ஒரு வீட்டில் பழைய தரையைக் கிண்டி முடித்து, நிலம் வெறும் பலகையாகக் கிடந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ஏதும் செய்தி வந்ததா?" என்று காலையில் கேட்பார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நவம்பர் கடைசியில் ரயிலில் வந்து, மூன்று அச்சு வண்டியில் ஏறி, ஸ்காபரோவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த களஞ்சியத்துக்கு வந்தது. இருபதடிதானே என்று சாதாரண வண்டி கேட்டால் அந்த எடையை ஏற்ற மாட்டார்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டும். முத்திரை எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டுதான் வெட்டினேன். கதவைத் திறந்ததில் இருந்து கடைசிப் பலெற் இறங்கும் வரை வீடியோவும் எடுத்தோம். கதவுப் பக்கம் இருந்த இரண்டு பலெற்றுக்கு நடுவில் காற்றுப்பை வைக்காமல் விட்டிருந்தார்கள். அதில் 11 பெட்டி உடைவு. வீடியோவை அன்றிரவே அனுப்பினேன், அடுத்த ஓடரில் கழிப்பதாக எழுதித் தந்தார்கள்.

கடைசிப் பலெற் இறங்கியபோது இருட்டிவிட்டது, வெளியே பனி. மனைவி வீட்டிலிருந்து கையெழுத்துத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். ஒரு பெட்டியை வெட்டி, மேல் ரைல்ஸை எடுத்து, வாசல் விளக்கின் கீழ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிறம் ஒன்று. திருப்பிப் போட்டு விரலை இழுத்தேன். விரல் சுத்தமாக இருந்தது. இருபது பெட்டியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்க்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.