மிச்சம் வைக்கப் பழகுகிறேன்

2024 ஜனவரி 21, ஞாயிறு

நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை காலை எடை குறைக்கும் ஆபரேஷன். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்திரி. அங்கேதான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலித்ததோ தோள்பட்டை. கருவிகள் உள்ளே புழங்க இடம் வேண்டும் என்று வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைப்பார்களாம். மிஞ்சி நிற்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையைச் சீண்டும்போது வலி தோளில் தெரியுமாம். "நடந்தா சரியாயிடும் சார்" என்று நர்ஸ் அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் அந்த நடைதான் காவல். அதோடு தினம் ஒரு ஊசி, இன்னும் பத்து நாளைக்கு.

எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு இணைத்திருக்கிறார்கள். மீதி இரைப்பையை எடுத்துவிடவில்லை. அது உள்ளேயே இருந்து, சுரக்க வேண்டியதைச் சுரந்து கீழே அனுப்புகிறது. சாப்பாடு மட்டும் இனி அந்தப் பக்கம் போகாது. புதுப் பை எவ்வளவு கொள்ளும் என்று டாக்டரிடம் கேட்டேன். மேஜைமேல் இருந்த மருந்துக் கப்பை எடுத்துக் காட்டினார். 30 மில்லி.

138 கிலோவில் தொடங்கியவன். கல்லீரல் கொழுப்பு வற்றிச் சுருங்கினால் ஆபரேஷன் சுலபம் என்று முன்கூட்டியே இரண்டு வாரம் டயட்டில் வைத்தார்கள். அதில் 133 ஆனது. இனி நடப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பெரிய பயங்களுக்கெல்லாம் டாக்டர் பதில் சொல்லிவிட்டார். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தவை கேட்கக் கூச்சப்பட்ட சின்னச் சின்னச் சந்தேகங்கள்தான். என்னைப் போல விழித்துக் கிடக்கும் யாருக்காவது இது உதவட்டும்.

ஜனவரி 27, சனி

குடிப்பதே நாள் முழுக்க வேலையாகிவிட்டது. தினமும் ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். 30 மில்லி கப்பில் கணக்குப் போட்டால் ஐம்பது கப். ஒரு பாட்டில் தண்ணீரை நின்ற இடத்தில் காலி செய்தவன் நான். இப்போது இரண்டு மடக்கைச் சேர்த்து விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவே ஒரு கல் உட்கார்ந்துகொள்கிறது. மனைவி போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அது அடிக்கும்போதெல்லாம் ஒரு வாய். தண்ணீர், வடிகட்டிய சூப், புரதப் பொடி கலந்த பால். புரதம் நாளுக்கு 60 கிராமைத் தொட வேண்டும். 45 வரைதான் எட்டுகிறது.

பசியே இல்லை. இத்தனை வருஷம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நிம்மதியாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் 40 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது பத்தாகக் குறைத்தார்கள். இன்று காலை வெறும் வயிற்றில் 112. போனில் சொன்னதும், அந்தப் பத்தும் வேண்டாம் என்றார் டாக்டர். எடை இன்னும் அவ்வளவாக இறங்கவில்லையே என்றேன். எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்குமாம். சாப்பாடு போகும் வழி மாறியதால் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மாறுகின்றனவாம். பதினோரு வருஷமாக ஊசி போட்ட கை, ராத்திரி எட்டரைக்குத் தானாகவே டப்பாவைத் தேடிப் போனது.

பிப்ரவரி 9, வெள்ளி

எட்டு நாளாக எடைமெஷினில் 126.2. மாறவே இல்லை. ஒரு நாளைக்கு 600 கலோரிகூடச் சாப்பிடாமல் எப்படி? நேற்று ராத்திரி அழுதுவிட்டேன். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று டயட்டீஷியன் விளக்கினார். முதலில் சரசரவென்று இறங்கியதில் பெரும்பங்கு நீர். ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போய்விடும். பிறகு உடம்பு நிதானித்துக் கொஞ்சம் நீரைத் திரும்பச் சேர்க்கும். மூன்றாவது வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் இப்படித்தான் போன் செய்வார்கள் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடை பார்க்கச் சொன்னார். மெஷினை அக்கா எடுத்து எங்கோ வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

திரவம் முடிந்து, மசித்ததும் முடியப் போகிறது. இன்று முதல் முட்டை.

வேகவைத்த முட்டையில் பாதி. அக்கா அதை முட்கரண்டியால் மசித்து, ஒரு சொட்டு தயிர் விட்டுக் குழைத்து, மகனின் சின்ன வயசுக் கிண்ணத்தில் வைத்துத் தந்தாள். காபிக் கரண்டியின் நுனியில் எடுத்தால் ஆறு வாய்தான். முதல் வாயை இருபத்தைந்து முறை மென்றேன். மஞ்சள் கரு நாக்கில் மாவாகக் கரைந்து, உப்பே போடாமல் உப்புக் கரித்தது. ஒரு முட்டைக்கு இவ்வளவு ருசி உண்டென்று நாற்பத்தாறு வயசில் தெரிந்துகொண்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து இரண்டாவது வாய். மூன்றாவது. நாலாவது.

அப்போது மூக்கிலிருந்து நீர் வடிந்தது. தும்மலும் வந்தது. ஜலதோஷம் என்று துடைத்துக்கொண்டேன். கிண்ணத்தில் இன்னும் இரண்டு வாய் இருந்தது. அதையும் வழித்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாற்பது நிமிஷம் பாத்ரூமில். நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல வலி. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. கடைசியில் அந்த இரண்டு வாயும் அப்படியே வெளியே வந்தன. நர்ஸ் போனில் கேட்டார்: "மூக்கு ஒழுகுச்சா, சார்? அதுதான் உங்க வயிறு போதும்னு சொல்றது." விக்கல், தும்மல், மூக்கில் நீர், ஒரு பெருமூச்சு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் இருக்குமாம். இந்த வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் தொடர்ந்தால் கட்டாயம் வரச் சொன்னார். பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துபோய் நரம்பைப் பாதிக்கும்.

ஏன் அந்த இரண்டு வாயை விடவில்லை? சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். அவள் சட்டென்று, "நான்தானே உன்னை அப்படி வளர்த்தேன்" என்றாள். அம்மா வேலைக்குப் போன வீடு. எனக்கு ஊட்டியதெல்லாம் எட்டு வயசு மூத்த அவள்தான். தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்க விடுவாள். மிச்சம் வைத்தால் அவள் முகம் வாடிவிடும். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது அவளுடைய அன்பு. வயிற்றைச் சின்னதாக்க டாக்டருக்கு இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது. என் கை இன்னும் அக்கா பழக்கிய அளவிலேயே நிற்கிறது.

மார்ச் 7, வியாழன்

ஆபீஸ் போய் ஒரு வாரம். மத்தியானம் எல்லோரும் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு நாலு ஸ்பூன் மீனுக்கு அரை மணி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்கலாம், இல்லாவிட்டால் சாப்பிட்டதை அது அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, சாப்பிடும் நேரம், குடிக்கும் நேரம் என்று நாள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மீட்டிங்கைக்கூட அதற்கேற்பத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

முட்டிவலிக்குப் பல வருஷமாகப் போட்டுவந்த டைக்ளோஃபெனாக்குக்கு இனி வாழ்நாள் முழுக்கத் தடை. இபுப்ரோஃபெனும் கூடாது. உள்ளே தைத்த இடத்தில் புண்ணாகிவிடும். பாராசிட்டமால் மட்டும். மேஜை டிராயரில் இருந்த அட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாக.

ராத்திரி பத்தரை மணி. எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பசி இல்லை. எதையும் எடுக்கவும் இல்லை. அந்த வெளிச்சம் காலில் விழ, எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

வருஷக்கணக்காக அந்த நேரம் என்னுடையதாக இருந்தது. ஆபீஸில் கேட்ட பேச்சு, கடன், மகனின் காய்ச்சல் என்று எது வந்தாலும் பத்தரைக்கு மேல் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுத்தான் அதைக் கடந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல், தட்டுகூட வைத்துக்கொள்ளாமல். மேலதிகாரி நாலு பேர் முன்னால் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உள்ளேயே நிற்கிறது, அதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. ஒரு சினேகிதன் செத்துப்போன மாதிரி துக்கம் தொண்டையை அடைத்தது. சாப்பாட்டை நினைத்து அப்படி அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மனைவி எழுந்து வந்தாள். "என்னங்க, வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். பிறகு பத்தரை மணிக் கதையைச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் முறையாக. அவள், "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜை மூடினாள். தரையிலேயே உட்கார்ந்து மேலதிகாரி சொன்னதை முழுக்கச் சொன்னேன். மணி ஒன்றாகிவிட்டது.

மனநல ஆலோசகரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பு அவரைப் பார்த்ததை ஒரு சடங்காக நினைத்தேன். தவறு.

ஏப்ரல் 20, சனி

115 கிலோ. மகனின் பிறந்தநாள். அவன் ஆசையாக நீட்டிய கேக்கில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். கால் மணிகூட ஆகவில்லை. இதயம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, வயிற்றைப் பிசைந்துகொண்டு வந்தது, பிறகு பேதி. படுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். இதற்கு டம்பிங் என்று பெயர். முன்பு இரைப்பையின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அனுப்பியதை இப்போது நிறுத்திவைக்க ஆளில்லை. இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது, அது உடம்பிலிருந்து நீரை அங்கே இழுக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்தும் மயக்கம் வரும்.

மகன் கதவருகே நின்று, "என்னாலயாப்பா?" என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் அதுதான் அதிகம் வலித்தது. பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான்.

மே 15, புதன்

குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டை முடியால் அடைத்துக்கொள்கிறது. பெரிய அதிர்ச்சி வந்தால் முடி வேர்கள் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து உதிருமாம். வேர் சாகாது, திரும்ப வளரும். புரதத்தை விட்டுவிடாதே என்றார்கள். இப்போது 70 கிராம் தொடுகிறேன்.

மாத்திரைதான் வாழ்க்கையின் புது அட்டவணை: கால்சியம் சிட்ரேட் 500 மில்லிகிராம் மூன்று வேளை. கார்பனேட்டாக இருந்தால் கரைய அமிலம் வேண்டும்; என் பையில் அது போதாது. இரும்புச் சத்தை கால்சியத்தோடு சேர்க்கக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி. மல்டிவைட்டமின், பி12, டி. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும் என்பதால் அதற்கு ஆறு மாதம் தனி மாத்திரை. அது தவிர மற்றவை ஆயுசுக்கும்.

ஜூன் 29, சனி

தூக்கத்தில் வரும் மூச்சுத் திணறலுக்காக ராத்திரி மாட்டிக்கொள்ளும் மெஷினின் காற்றழுத்தம் இப்போது எனக்கு அதிகமாகிவிட்டது, குறைத்துக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏறும்போதே பேச முடிகிறது.

ஆபீஸில் ஒருவர், "குறுக்கு வழியில குறைச்சுட்டீங்க" என்றார். சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் சுருக்கென்றது. 1991-லேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் கடும் நோயோடு இருந்தாலோ இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2022-ல் அந்த வரம்பு இன்னும் தளர்ந்தது. எனக்கு 46.6, அதோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டவனை யாரும் குறுக்கு வழி என்று சொல்வதில்லையே.

ஜூலை 21, ஞாயிறு

ஆறு மாதம். 103 கிலோ. ரத்தப் பரிசோதனையில் இரும்பு மட்டும் கொஞ்சம் தாழ்வு, மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கையின் அடிப்பக்கமும் வயிறும் தொங்குகின்றன, கண்ணாடியில் அதற்கு இன்னும் பழகவில்லை.

அக்கா இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்று வந்திருந்தாள். கோழியை மெத்தென்று வேகவைத்து, காயும் சேர்த்து அவளே தட்டில் வைத்தாள். பெரிய தட்டைத் தானாக எடுத்து, யோசித்து, திரும்ப வைத்துவிட்டுச் சின்னத் தட்டை எடுத்ததைப் பார்த்தேன். மென்றேன், கரண்டியை வைத்தேன், அவள் பேசுவதைக் கேட்டேன். ஆறாவது வாயில் மூக்கில் நீர் வந்தது.

தட்டில் இரண்டு வாய் இருந்தது. கை கரண்டியை நோக்கிப் போனது. அக்கா பேச்சை நிறுத்தி என் கையையே பார்த்தாள். நான் தட்டை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினேன்.

"போதுமா, தம்பி?"

"போதும்க்கா."

அவள் முகம் வாடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மணியைப் பார்த்துக்கொண்டேன், அரை மணி கழித்துத் தண்ணீர் குடிக்க.