நேத்து நம்பர்

31 வருஷமா நான் பாத்த வேலை என்னன்னு கேட்டா, ஆத்துல தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு பாத்து எழுதுறது. அவ்ளோதாங்க. சேர்வராயன் மலைல இருந்து இறங்கி வர்ற சரபங்கா ஆத்துல, ஓமலூர் தாண்டி ஒரு தடுப்பணை, அங்க பெயிண்ட்ல அடி, இஞ்ச் போட்ட ஸ்கேல் ஒண்ணு இருக்கும், காலைல எட்டு மணிக்கு போய் பாத்து நோட்டுல ஏத்திட்டு போன்ல சொல்லணும், வருஷத்துல பாதி நாள் சொட்டுத் தண்ணி இருக்காது, அப்பவும் போய் பூஜ்யம்னு எழுதிட்டு வரணும். எந்த ஆபீஸ்னு வேணாம், விடுங்க.

ரிடையர் ஆனப்புறம் மக கூப்பிட்டான்னு லாஸ் வேகாஸ் போனேன். "அப்பா, உங்களுக்குத்தான் டேம்னா உசுராச்சே, ஹூவர் டேமை கீழ இருந்து பாக்கலாம் வாங்க"ன்னு சொல்லி ஒரு நாள் கயாக் டூர் புக் பண்ணிட்டா, கயாக்னா ஒடுக்கமான சின்ன துடுப்புப் படகு. கூட ஒரு கைடு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். எனக்கு மேட்டூர்ல பரிசல் ஏறி பழக்கம், ஏற்காடு ஏரில பெடல் போட் மிதிச்சிருக்கேன். இது ரெண்டுலயும் சேராது. காலை நீட்டி உக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி துடுப்பு போடணும், முதல் பத்து நிமிஷம் துடுப்புல வடியுற தண்ணி பூரா மடிலதான்.

டேம் அடிவாரத்துக்கு நம்ம இஷ்டத்துக்கு கார் எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க, பர்மிட் உள்ள டூர்காரங்க வேன்லதான் இறக்கி விடுவாங்க. அண்ணாந்து பாத்தா 726 அடி, கழுத்து வலிச்சிருச்சு. நம்ம மேட்டூர் 214. ஆனா வயசுல நாமதாங்க மூத்தவங்க, நம்மளது 1934, அது 1935. இதை மககிட்ட ரெண்டு தடவ சொன்னேன்.

அங்கிருந்து கொலராடோ ஆத்துல கீழ்முகமா ஏறத்தாழ 12 மைல், பிளாக் கேன்யன்னு பேரு. ரெண்டு பக்கமும் கறுத்துப்போன பாறை செவுரு, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, வெயிலு நம்மூர் சித்திரை மாதிரி மண்டைய பொளக்குது, ஆனா தண்ணில கைய வச்சா ஐஸ்! டேமுக்குப் பின்னாடி தேங்கி நிக்கிற ஏரியோட அடில இருந்து எடுத்து டர்பைன்ல விடுறாங்க, வெயில் படாத ஆழத்துத் தண்ணி, வருஷம் பூரா 12, 13 டிகிரிதானாம். பக்கத்துலயே ஒரு குகைல வெந்நீர் கொதிக்குது, டேம் கட்டும்போது குடைஞ்சு பாத்துட்டு சூடு தாங்காம விட்டதாம். வெந்நீர் ஊத்துல தலைய முக்காதீங்க, மூக்கு வழியா கிருமி ஏறிடும்னு கைடு பொண்ணு கறாரா சொல்லுச்சு.

எல்லாரும் பாறை மேல நின்ன மலை ஆட்டை போட்டோ எடுத்தாங்க. நான் பாறைல இருந்த ஈரக் கோட்டைப் பாத்துட்டு இருந்தேன். கரண்டு தேவைக்கு ஏத்த மாதிரி தண்ணி திறக்குறாங்க, அதனால மட்டம் ஒரே நாள்ல பல அடி ஏறி இறங்கும். இவ்ளோ தெரிஞ்ச நானே சாப்பிட ஒதுங்குன இடத்துல கயாக்கை தண்ணி ஓரமாவே விட்டுட்டுப் போய் உக்காந்துட்டேன், பாதி ரொட்டி திங்கிறதுக்குள்ள அது பின்பக்கம் தூக்கி ஆட ஆரம்பிச்சிருச்சு, அந்தப் பொண்ணு ஓடிப்போய் மேட்டுக்கு இழுத்துப் போட்டுச்சு. மககிட்ட மூஞ்சியக் காட்ட முடியல.

மதியத்துக்கு மேல எதிர்காத்து. அப்பதான் அதைக் காட்டுனாங்க. செங்குத்துப் பாறைல ஒட்டுன மாதிரி ஒரு நடைபாதை, ஒரு ஆள்தான் போகலாம். 1930கள்ல ஆத்துத் தண்ணிய அளக்குறதுக்குன்னு இங்க ஒரு ஆள் இருந்திருக்காரு, வீடு ஆத்தோட கீழ்ப்பக்கம், அளக்குற ஸ்டேஷன் மேல்பக்கம், அந்தப் பாதைல நடந்து, ஆத்துக்கு குறுக்கே கம்பில தொங்குற பெட்டில உக்காந்து தாண்டி, போய் நம்பரை எழுதியிருக்காரு. என் வேலைங்க. அதே வேலை.

எனக்கு அந்த ஐப்பசி நாள் ஞாபகம் வந்துருச்சு. விடிய விடிய மழை, டிவிஎஸ் பிஃப்டி ஸ்டார்ட் ஆகல, ஆகலன்னு கூட சொல்ல முடியாது, நாலு தடவ மிதிச்சுட்டு விட்டுட்டேன். திண்ணைல உக்காந்து டீய குடிச்சுக்கிட்டே நேத்து நம்பரையே எழுதி போன்ல சொன்னேன், ரெண்டே கால் அடி. பத்து மணிக்கு எங்க உதவிப் பொறியாளர் ஏ.ஈ. சார் போன், "ஏய்யா, அங்க தரைப்பாலமே முங்கிருச்சாம், நீ ரெண்டே காலுங்குற?" யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது என் நல்ல நேரம். நோட்டைத் தூக்கிட்டுப் போய் நின்னேன். ஒயிட்னர் எடுத்தேன், அவரு கையப் புடிச்சாரு. "அழிக்காத. அது அப்படியே இருக்கட்டும், சரியானதைக் கீழ எழுது." மெமோ குடுத்திருந்தாக்கூட மறந்திருப்பேன் போல.

கயாக் காத்துல பின்னாடி தள்ளுது, நான் துடுப்பை மடில வச்சுக்கிட்டு அந்தப் பாதையவே பாத்துட்டு இருந்தேன். கைடு பொண்ணு பக்கத்துல வந்து என்னன்னு கேட்டுச்சு. அப்பாவும் இதே வேலைதான்னு மக சொன்னா. அதுக்கு ஆச்சரியம், நீங்களும் இப்படி நடந்தே போவீங்களான்னு கேட்டுச்சு. இல்லம்மா, வண்டின்னேன்.

மழை நாள்லயுமா?

நான் வாயத் திறக்கறதுக்குள்ள மக முந்திக்கிட்டா, "எங்கப்பா ஒரு நாள் தவறினதில்ல"ன்னு இங்கிலீஷ்ல பெருமையா சொல்லிட்டா. நான் குனிஞ்சு துடுப்பை எடுத்து, எதிர்காத்துல போட ஆரம்பிச்சேன்.