டிசம்பர் முழுக்கப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ம் தேதி முடிந்ததும் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் ஸ்டார் ஏற ஆரம்பித்துவிடும். அதிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் உள்ள மூன்று வாரம் பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லை, பலகாரத்துக்கு மாவு திரிப்பது, துணி தைக்கக் கொடுப்பது, வாசலுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று ஓடிவிடும். ஆறு வயதும் மூன்று வயதும் உள்ள வீட்டில் அது ஒரு யுகம். காலையில் கண் விழித்ததும் "இன்னைக்குக் கிறிஸ்துமஸா?" என்று சின்னவன் கேட்பான், இல்லை என்றால் அழுவான், மத்தியானம் தூங்கி எழுந்ததும் மறுபடி கேட்பான், ஏனென்றால் அவன் கணக்கில் ஒரு தூக்கம் முடிந்தால் ஒரு நாள் முடிந்தது.

இந்தத் தொல்லை புதிதில்லை. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விகெர்ன் என்ற பாதிரியாரைப் பிள்ளைகள் தினமும் இதே கேள்வியால் துளைத்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சின்ன சிவப்பு மெழுகுவர்த்தி, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி என்று நட்டு, நாளுக்கு ஒன்றாகக் கொளுத்திக்கொண்டு வந்தார். இப்போது திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் சேர்ந்த காலத்தில், நம் கோயில்களில் பார்க்கிற நாலு மெழுகுவர்த்தி வளையத்துக்கு மூலம் அதுதான். மூன்று ஊதா, ஒன்று ரோஸ், ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு. வீட்டில் நாங்களும் ஒரு எவர்சில்வர் தட்டில் நாலு வைக்கிறோம். பெரியவளுக்கு அது போதும். சின்னவனுக்கு ஞாயிற்றுக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் ஆறு நாள் என்பது தாங்காது.

அவனுக்காகத்தான் புல். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம் மாதிரி வீட்டில் கட்டுகிற குடிலுக்குப் புல் முளைக்க வைப்பது எங்கள் பக்கம் பல வீடுகளில் உண்டு, ஆனால் இப்போது பச்சை பிளாஸ்டிக் விரிப்பு மலிவாகக் கிடைக்கிறதால் குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த விரிப்பை வாங்காதீர்கள் என்பேன். கேழ்வரகு ஒரு ஆழாக்கு எடுத்து ராத்திரி ஊறப் போட்டு, மறுநாள் துணியில் கட்டி வைத்து, முளை தலைகாட்டியதும் பழைய தட்டுகளிலும் சிரட்டைகளிலும் தென்னை நார்க் கழிவும் செம்மண்ணும் கலந்து நிரப்பி மேலே நெருக்கமாகத் தூவ வேண்டும். டிசம்பர் 12, 13 வாக்கில் தூவினால் கிறிஸ்துமஸுக்கு விரல் நீளம் வந்து நிற்கும். சிறுபயறும் போடலாம், சீக்கிரம் வளரும், ஆனால் அது செடியாகப் படர்ந்து ஆடுகளை மறைத்துவிடும். நெல் அழகு, ஆனால் மெதுவாக வரும், சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கேழ்வரகுதான் சரி.

தண்ணீர் விடுவது பிள்ளைகள் வேலை. கையால் தெளிக்கச் சொல்லுங்கள், குவளையைக் கொடுத்தால் விதையெல்லாம் மிதந்து ஒரு ஓரத்தில் போய்ச் சேரும், குடிலில் பாதி பாலைவனமாகவும் பாதி காடாகவும் இருக்கும். எதிர்வீட்டு ஆச்சிக்கு முளைப்பாரி வளர்த்த கை. முதல் நாலைந்து நாள் இருட்டு அறையில் வைத்து நெட்டையாக வளர விடு, அப்புறம் வெளியே எடுத்து வெயில் காட்டு, ரெண்டே நாளில் பச்சை பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். அவர் கோயிலுக்கு வளர்க்கிற முறையில் எங்கள் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் புல் வளர்கிறது. பிரான்சின் தெற்குப் பகுதியான ப்ரொவான்ஸிலும் டிசம்பர் 4-ம் தேதி, புனித பார்பரா திருநாளன்று, சின்னத் தட்டுகளில் கோதுமை விதைத்து முளைக்க வைத்துக் கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைக்கிறார்கள். எங்கேயிருந்து எங்கே போனதோ, யாரும் யாரையும் பார்த்துச் செய்ததாகவும் தெரியவில்லை. "முளைச்சாச்சா?" என்று சின்னவன் கட்டிலிலிருந்து இறங்கி நேரே தட்டைப் பார்க்கப் போகிற ஒரு வாரம் "இன்னைக்குக் கிறிஸ்துமஸா?" அடியோடு நின்றுவிடும்.

குடிலைத் தரையில்தான் கட்டுகிறோம். மேஜை மேல் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்குத் தொட எட்டாது, எட்டாததைத் தொட நாற்காலி இழுப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குடில் போட்டிகளில் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டு, சுற்றுகிற காற்றாலை எல்லாம் வைத்து ஒரு தெருவையே கட்டிவிடுவார்கள், அதைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாம், வீட்டில் அது வேண்டாம். வைக்கோல், ஓலை, பழுப்புத்தாளைக் கசக்கிப் பாறை, போதும். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித ஃபிரான்சிஸ் அசிசி முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அவரிடம் இருந்தது வைக்கோலும் ஒரு நிஜ மாடும் ஒரு நிஜக் கழுதையும்தான். இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிஜ மாடு கேட்டு நச்சரிப்பு, அதனால் சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள்.

சொரூபங்களில் மண்ணில் செய்தவை மாமியார் காலத்துச் செட். அவற்றைப் பின்வரிசையிலும் பிளாஸ்டிக் ஆடுகளை முன்வரிசையிலும் வைக்கிறோம். தீவனத்தொட்டி 24-ம் தேதி ராத்திரி வரை காலி. காலியாக ஒரு இடம் இருந்தால் அதில் எதையாவது வைப்பது மூன்று வயதின் கடமை, அதனால் மாதாவும் சூசையப்பரும் பல நாள் ஒரு மஞ்சள் ஜேசிபி வண்டியைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களும் கிழக்கே, அதாவது எங்கள் ஃபிரிட்ஜ் மேலே இருந்து கிளம்பி, தினம் கொஞ்சம் நகர்ந்து, ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-ம் தேதிதான் வந்து சேர வேண்டும். நகர்த்துகிற பொறுப்பு பெரியவளுக்கு. பைபிளில் எத்தனை பேர் வந்தார்கள் என்றே எழுதியிருக்கவில்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதை வைத்து ஆளும் மூன்று ஆகிவிட்டது. ஒட்டகமும் அந்தக் கதையில் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் அவள் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

படங்களில் வருகிற குளிர்காலம் நமக்குக் கிடையாது, சரி. அதற்காக நமக்குக் குளிர்காலமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழை, அது விட்டதும் மார்கழிப் பனி, விடிகாலையில் தெருவில் கோலம், சளி, கஷாயம். மரத்தில் பஞ்சை ஒட்டிப் பனி என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட, அஞ்சு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கோலத்துக்கு நடுவில் வைத்த பூசணிப்பூவைக் காட்டலாம், மூச்சில் புகை வராது, அவர்கள் ஊதி ஊதிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு மரம் சவுக்குக் கிளை, வாளியில் மணல் போட்டு நட்டது. பஞ்சும் ஒட்டுகிறோம், பிடிவாதமாக மறுக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

மழைதான் எங்கள் பண்டிகையை ஆட்டிவைக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பலகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த மாவையும் சர்க்கரையையும் தூத்துக்குடி பக்கம் போன வேனில் ஏற்றிவிட்டோம், தன்னுடைய பழைய ஃபிராக்குகளைப் பெரியவளே மடித்துப் பையில் வைத்தாள், அப்போது அவளுக்கு மடிக்கவே தெரியாது, உருட்டி வைத்தாள். அந்த வருடம் பலகாரம் கிடையாது, கேக் ஒரு துண்டு.

மற்ற வருடங்களில் முந்திரிக்கொத்து கட்டாயம். வறுத்துத் திரித்த சிறுபயறு மாவு, தேங்காய், எள், ஏலம், அதில் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறிச் சூடு தாங்குகிற பதத்தில் உருட்டி, மறுநாள் அரிசி மாவில் மஞ்சள் சேர்த்துக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கிப் பொரிக்க வேண்டும். எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது, அடுப்பங்கரை வாசலில் பாட்டா, அதாவது பிள்ளைகளின் தாத்தா, நாற்காலி போட்டுக் காவல். உருட்டுவது அவர்கள்தான், கையில் நல்லெண்ணெய் தடவிவிட்டால் போதும். கோலி அளவில் சிலது, எலுமிச்சை அளவில் சிலது வரும், வரட்டும். அச்சுமுறுக்கு அவர்களுக்கு ஒத்துவராது, அதைப் பள்ளிக்கூடம் இருக்கிற நாளாகப் பார்த்துச் சுட்டுவிடுங்கள்.

இனி கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் பங்கு இளைஞர்கள் டிரம், கீபோர்டு எல்லாம் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், கூடவே தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு, சிரித்தபடியே உறைந்துபோன ஒரு பிளாஸ்டிக் முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. தூக்கத்திலிருந்து எழுப்பி அந்த முகத்துக்கு நேரே பிள்ளையை நீட்டினால் எந்தப் பிள்ளையும் அலறத்தான் செய்யும். "பயப்படாத மக்களே, தாத்தாவுக்குக் கை குடு" என்று சுற்றி நின்று சொல்வார்கள், ஒருத்தர் ஃபோனில் படம் பிடிப்பார். தயவுசெய்து விட்டுவிடுங்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காட்டினால் மிட்டாய்க்காக அவர்களே அடுத்த வருடம் வாசல் வரை போவார்கள். பெரியவள் போன வருடம் போனாள், திரும்பி வந்து, தாத்தா போட்டிருப்பது அடுத்த தெரு அண்ணனுடைய செருப்பு என்று அறிவித்தாள். நான் மறுக்கவில்லை. பரிசு நாங்கள் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கு ஒன்று. "தாத்தா பார்த்துக்கிட்டே இருக்கார், சேட்டை பண்ணினா கிஃப்ட் கிடையாது" என்று மிரட்டுவது எனக்கு ஒட்டவே இல்லை. அதற்குப் பதிலாக நிக்கோலாஸ் கதை சொல்கிறேன், இன்றைய துருக்கியில் உள்ள மைரா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர், வரதட்சணை கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பண முடிப்பைப் போட்டுவிட்டு வந்தவர் என்று. வரதட்சணை என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரும், தயாராக இருங்கள்.

நள்ளிரவுப் பூசைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று வருடா வருடம் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் பாடாமல் வைத்திருக்கிற வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டை அன்று ஆரம்பிக்கும்போது மணி எல்லாம் ஒன்றாக அடிக்கும், வெளியே வெடி போடுவார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. நடப்பது என்னவென்றால் அதுவரை தூங்கிய பிள்ளை அப்போது எழுந்து அழும். இப்போது எங்கள் ஏற்பாடு இது: வீட்டுக்காரரும் பெரியவளும் ராத்திரிப் பூசைக்கு, நானும் சின்னவனும் காலைப் பூசைக்கு. கிறிஸ்துமஸ் உடுப்பு வலைத்துணி வைத்ததாக இருந்தால் உள்ளே ஒரு பருத்தி ஷிம்மி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிரசங்கம் முழுக்கச் சொறிவதிலேயே போய்விடும். குழந்தை இயேசுவைக் குடிலில் வைப்பது யார் என்ற சண்டைக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, வைப்பது அக்கா, வைக்கோல் போடுவது தம்பி. குளிருமே என்று முகம் வரைக்கும் மூடிவிட்டான்.

காலையில் ஆப்பமும் ஆட்டிறைச்சிக் குழம்பும். அதற்கு அப்புறம்தான் பிள்ளைகளின் முக்கியமான வேலை, தட்டு கொடுக்கப் போவது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் எங்களுக்குத் தட்டு வந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொத்து, முறுக்கு, கேக், ரெண்டு வாழைப்பழம். பெரியவள் தட்டை ஏந்துவாள், சின்னவன் மேலே மூடிய துணியைப் பிடித்துக்கொள்வான், யார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து ஒப்பிப்பார்கள். எதிர்வீட்டு ஆச்சி தட்டை வாங்குவதற்கு முன்னால் புல் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நேரில் வந்து பார்த்துவிட்டு, வெயில் ஒரு நாள் கூடப் பட்டிருக்கலாம் என்றார்.

ஜனவரி 6-ம் தேதி ராஜாக்கள் வந்து சேர்ந்ததும் குடிலைப் பிரித்துவிடுகிறோம். புல் அதற்குள் மஞ்சளாகிச் சாய்ந்திருக்கும், பின்தெரு ஆட்டுக்குப் போடுவது சின்னவன். சொரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் அடுக்குவது பெரியவள், சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் என்ன சேதம் என்று நோட்டில் எழுதுகிறாள், அது அவளாகவே ஆரம்பித்த பழக்கம். இந்த வருடப் பட்டியலில் ஆடு ரெண்டு காணோம், ஒட்டகம் ஒன்றுக்குக் கால் ஆட்டம், கழுதைக்கு ஒரு காது இல்லை. காது ஜேசிபி வண்டியின் தொட்டியில் கிடைத்தது. ஃபெவிகால் வாங்க வேண்டும்.