நடந்தே வீடு திரும்பியவர்கள்

அக்டோபர் 27, யோவான்னினா

நாளை கிரேக்க நாட்டில் ‘ஓஹி’ நாள். ஓஹி என்றால் ‘முடியாது’. 1940 அக்டோபர் 28, விடிய இன்னும் நேரமிருக்க, மூன்று மணிக்கு இத்தாலியத் தூதர் கிராத்ஸி கிரேக்கப் பிரதமர் மெத்தாக்ஸாஸை எழுப்பி, எங்கள் படைக்கு வழி விடுங்கள் என்று கடிதத்தை நீட்டினார். மெத்தாக்ஸாஸ் ‘ஓஹி’ என்று சொல்லவே இல்லை. ‘அப்படியானால் போர்தான்’ என்றார், அதுவும் பிரெஞ்சில். அவர் 1936இலிருந்து சர்வாதிகாரி. ஒரு சர்வாதிகாரி சொல்லாத சொல்லுக்கு ஊரெல்லாம் கொடி கட்டியிருக்கிறார்கள். கேலி செய்யவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னது ஊர்தான் போலிருக்கிறது.

விடுதி நடத்தும் அம்மா, “நாளைக்குக் கடை இருக்காது, ரொட்டியை இப்பவே வாங்கி வைங்க” என்றார்.

அக்டோபர் 28, கல்பாகி

அந்த அம்மாவின் காரிலேயே வந்தேன். அல்பேனிய எல்லை பக்கத்தில்தான். இங்கேதான் கிரேக்கத் தளபதி கட்சிமித்ரோஸின் 8ஆம் டிவிஷன் இத்தாலியர்களை மறித்து நின்றது. பின்வாங்கலாம் என்று தலைமையகம் இடம் கொடுத்திருந்தும் அவர் நகரவில்லை. கலாமாஸ் ஆற்றுச் சேற்றில் இத்தாலிய டாங்கிகள் சிக்கின. கிழக்கே பிந்தோஸ் மலையில் பெண்கள் குண்டுப் பெட்டிகளை முதுகில் சுமந்து ஏறினார்கள். நவம்பர் 22இல் கிரேக்கப் படை அல்பேனியாவுக்குள் கொரிட்சாவைப் பிடித்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் என்னை நிறுத்தியது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. கையால் பின்னியது, ஒன்று மற்றதைவிட இரண்டு விரல்கடை நீளம். சிப்பாய்களுக்காக நாடு முழுவதும் பெண்கள் இப்படிப் பின்னி அனுப்பினார்கள். போதவில்லை. அந்தக் குளிரில் குண்டு பட்டவர்கள் ஒரு பக்கம் என்றால், பனியில் கால் கறுத்து வெட்ட வேண்டி வந்தவர்கள் இன்னொரு பக்கம்.

அக்டோபர் 29, மெத்சோவோ

மழை. வழியில் வொத்தொனோசி, மிகச் சிறிய ஊர். 1941 ஏப்ரல் 6இல் ஜெர்மனி பல்கேரியா வழியாக நுழைந்தது. எல்லையில் ரூபெல் கோட்டை பணியாமல் நிற்கும்போதே, 9ஆம் தேதி வடக்கே பெரிய நகரமான தெசலோனிகி விழுந்துவிட்டது. அல்பேனியாவில் இருந்த கிரேக்கப் படைக்கு முதுகுப் பக்கம் திறந்து கிடந்தது. 20ஆம் தேதி இந்த ஊரில் தளபதி சொலாகொக்லு யாரையும் கேட்காமல் சரணடைந்தார். ஜெர்மானியரிடம் மட்டும், இத்தாலியரிடம் இல்லை என்பது அவர் வைத்த நிபந்தனை. முசோலினி கோபித்துக்கொள்ள, மூன்றாம் நாள் இத்தாலியரையும் உட்கார வைத்து மறுபடி கையெழுத்து வாங்கினார்கள்.

பரிசாக ஜெர்மானியர் கொடுத்தது பிரதமர் பதவி. அந்த அமைச்சரவையில், நேற்று நான் பார்த்த இடத்தின் நாயகன் கட்சிமித்ரோஸும் இருந்தார். கல்பாகியில் இதை யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 31, ஏதென்ஸ் போகும் பேருந்து

நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஏசி, நடுவில் காபிக்கு ஒரு நிறுத்தம். சரணடைந்த சிப்பாய்கள் இதை நடந்தார்கள். ஹிட்லர் கிரேக்கச் சிப்பாய்களைக் கைதிகளாக வைத்துக்கொள்ளவில்லை. ஆயுதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றான். சரி, எப்படிப் போவது? பாலங்கள் உடைந்து கிடந்தன. தோற்ற ஞாபகமே இல்லாத ஒரு படை, பிச்சை எடுத்துத் தின்றபடி தெற்கே நடந்தது.

கிரீட் தீவுக்காரர்களின் கதைதான் தொண்டையில் நிற்கிறது. அவர்களுடைய 5ஆவது டிவிஷன் அல்பேனியாவில் இருந்தது. மே 20இல் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் கிரீட்டில் குதித்தபோது, ஊரில் எதிர்த்து நின்றவர்களில் கிழவர்களும் பெண்களும் இருந்தார்கள். மகன்களோ இங்கே, கப்பல் இல்லாமல். ஏதென்ஸ் வரை நடந்து வந்த பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் 1941 குளிர்காலப் பஞ்சம். வீடும் உறவும் இல்லாத ஊரில் பசி முதலில் யாரைத் தேடி வரும்?

நவம்பர் 2, ஏதென்ஸ்

சிந்தக்மா சதுக்கத்தில், பெயர் தெரியாத வீரர் நினைவிடம். பாவாடை போன்ற வெள்ளை உடையில் காவலர்கள், சுற்றிலும் செல்போன்கள். சுவரில் பிந்தோஸ், கொரிட்சா, ரூபெல், கிரீட் என்று பெயர்கள்.

இதே உடையை ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியருக்காக வேலை செய்த கிரேக்கப் பாதுகாப்புப் பட்டாளங்களும் போட்டிருந்தன. 1943 நவம்பர் இறுதியில் அவர்கள் ஏதென்ஸ் மருத்துவமனைகளுக்குள் புகுந்து, அல்பேனியாவில் கால் இழந்த சிப்பாய்களைப் படுக்கையிலிருந்து இழுத்துப் போனார்கள். அந்தச் சிப்பாய்கள் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள். காலில்லாமல்தான்.

நான் போட்டோ எடுக்கவில்லை.

இரவு விடுதி அம்மாவிடமிருந்து செய்தி. அவர் தாத்தாவின் தம்பி கிளிசூரா பக்கம் விழுந்தவர். அல்பேனிய மண்ணில் விழுந்த கிரேக்கச் சிப்பாய்கள் சுமார் 8,000 பேர். பலரை எடுத்து அடக்கம் செய்யும் வேலை 2018இல்தான் முறையாகத் தொடங்கியது. எலும்புகளோடு ஒப்பிட இவர் வீட்டிலிருந்து டிஎன்ஏ மாதிரி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் தகவல் இல்லை. கூடவே ஒரு படம்: சட்டகத்தில் மீசை அரும்பிய ஒரு பையன், தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது.

“தொப்பி அவனுடையதில்லை, போட்டோ கடைக்காரருடையது” என்று கீழே எழுதியிருந்தார்.