எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கலாம்

தங்கச்சிமடம் பக்கம் ஒரு பாட்டி, வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது அதே வீட்டுத் திண்ணையில் கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். "பெத்த பிள்ளை மேலயே கேஸ் போடச் சொல்றியாப்பா?" என்கிறார். அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்காகத்தான் வந்தது. 60 வயது தாண்டி, சொந்த வருமானத்தில் வாழ முடியாதவர்கள் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, பிள்ளைகளிடமிருந்து மாதாமாதம் பணம் கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. அப்புறம் பிரிவு 23: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தென்றால், பார்க்காமல் விட்டதும் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். அதனால் பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள், பத்திரம் எழுதித் தருகிறவர் "அதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னாலும் விடாதீர்கள். விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.