அரளிக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சொந்தம்

போன சனிக்கிழமை ஈரச்சந்தையிலிருந்து திரும்பும் வழியில், எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்து வேலியில் ஒரு கொடி பூத்திருந்தது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டேன்.

ஐந்து இதழ், வெளிர்மஞ்சள் நிறம், தொண்டைக்குள் ஊதாக் கோடுகள். அதிசயம் இதழின் நுனியில்தான். ஒவ்வொரு நுனியும் நீண்டு நீண்டு, சடையில் கட்டிய குஞ்சலம் மாதிரி, லேசாக முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. ஒரு வாலைக் கையால் அளந்து பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல். ஓர் அடி வரைகூட வளருமாம். பெயர் ஸ்ட்ரோஃபாந்தஸ் பிரூசியை, ஊர் கேமரூன், காங்கோ பக்கம். ஸ்ட்ரோஃபாந்தஸ் என்றால் கிரேக்கத்தில் முறுக்கிய கயிற்றுப் பூ. 1802இல் சுவிஸ் தாவரவியலாளர் டி கண்டோல் வைத்த பேர், பூவை ஒருமுறை பார்த்தால் வேறு பேரே தோன்றாது.

இந்தப் பேரினத்தில் சுமார் 38 இனங்கள் உண்டு, பெரும்பாலானவை வெப்பமண்டல ஆப்பிரிக்காவில், சில நம் பக்கத்து ஆசியக் காடுகளிலும். பற்றுக்கம்பி கிடையாது; சாய ஏதாவது கிடைத்தால் கொடியாக ஏறும், கிடைக்காவிட்டால் புதராகவே நின்றுவிடும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாமா, "தொட்டா கையக் கழுவிடும்மா, இது அரளி சாதி" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒடித்தால் பால் வடியும். மொட்டில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியிருப்பதும், தொண்டையில் சின்னச் சின்னச் செதில்கள் நிற்பதும் அப்படியே அரளியேதான். காய் மட்டும் வேறு: இரண்டிரண்டாக, மாட்டுக் கொம்பு போல எதிரெதிர்த் திசையில் விரிந்து நிற்கும். அது வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரிப் பறக்கும், ஆனால் இங்கே பஞ்சு விதையின் தலையில் நேராக ஒட்டியிருக்காது, ஒரு மெல்லிய காம்பின் உச்சியில் குடை விரித்தது போல இருக்கும்.

இந்தப் பேரினத்தின் சில இனங்களில் அந்த விதையில் கடும் விஷம் உண்டு. ஆப்பிரிக்க வேடர்கள் அதை அம்பில் தடவினார்கள். ஆப்பிரிக்காவை ஆராய்ந்த லிவிங்ஸ்டனின் சாம்பேசி ஆற்றுப் பயணத்தில் கூடப் போன மருத்துவர் ஜான் கிர்க்கின் பையில் அந்த நஞ்சும் பல் துலக்கும் பிரஷும் ஒன்றாகக் கிடக்க, பல் தேய்த்தபோது வாய் கசந்து நாடித்துடிப்பு குறைந்ததாம். அப்புறம் அதே விதையிலிருந்து ஸ்ட்ரோஃபாந்தின் என்ற இதய மருந்து வந்தது.

அதனால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பறிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிட்டப் போய்ப் பார்க்க மட்டும் தயங்காதீர்கள். காய் பிடித்தால் வெட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிடித்தால் அந்தக் கொம்புகளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.