புகை காக்கும் வீடு

ஜப்பானின் கிஃபு மாநிலத்து மலைகளுக்கு நடுவே, ஷிரகவா-கோ பகுதியில் ஒகிமாச்சி என்றொரு கிராமம். இங்குள்ள பழைய உழவர் வீடுகளைக் 'கஷ்ஷோ' வீடுகள் என்கிறார்கள். கஷ்ஷோ என்றால் கைகூப்புதல். கூப்பிய கைகள்போல் சாய்ந்த புல்கூரையைப் பார்த்தாலே காரணம் புரியும். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கிராமம் இது. வருகிறவர்கள் கூரையைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டின் உயிர் உள்ளே, தரையில் பதித்த சதுர அடுப்பில் இருக்கிறது. அதன் பெயர் 'இரோரி'.

இது ஒரு வீடல்ல, ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இரண்டு கட்டுமானங்கள். கீழ்ப்பகுதி தச்சர் வேலை: தூண், உத்திரம், செதுக்கிய பொருத்துகள். பனி படியும் மலைச்சரிவில் வளர்ந்து அடிமரம் வளைந்துபோன மரங்களைக்கூட ஒதுக்காமல், அந்த வளைவையே உத்திரமாக்கிப் பாரம் தாங்க வைத்திருக்கிறார்கள். மேலே கூரை ஊர்க்காரர்கள் கட்டுவது. அதில் ஆணியே இல்லை.

கைமரங்களின் அடியைப் பென்சில் போலச் சீவி, உத்திர முனையில் உள்ள குழியில் நிறுத்துகிறார்கள். இறுக்கிப் பொருத்துவதில்லை. காற்று மோதும்போது அந்த முனை சற்றே அசைந்து கொடுக்கும். இறுக்கியிருந்தால் மரம் அந்த இடத்தில்தான் பிளக்கும். கட்டுவதற்கு வைக்கோல் கயிறும், 'நெசோ' எனும் இளங்கொம்பும். கொம்பைப் பச்சையாக இருக்கும்போதே முறுக்கி நார் பிரித்துக் கட்டவேண்டும். காயக் காய முடிச்சு இறுகும். காய்ந்தபின் முறுக்கினால் ஒடிந்துவிடும்.

கூரையின் சாய்வு ஏறக்குறைய 60 பாகை. சாய்வு குறைந்தால் பனி தங்கும், நீர் புல்லுக்குள் இறங்கி மக்கும். வீடுகளின் முக்கோணச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. பள்ளத்தாக்கின் காற்று கூரையின் அகலத்தில் மோதுவதில்லை. இரு சரிவுகளுக்கும் முறைவைத்து வெயில் கிடைக்கிறது.

இனி அடுப்புக்கு வருவோம். மேல்தளங்களின் தரையை இடைவெளி விட்டுத்தான் பரப்பியிருப்பார்கள். புகை அந்த இடுக்குகள் வழியே பரண்வரை ஏறி, கைமரம், கயிறு, புல்லின் உட்புறம் எல்லாவற்றிலும் கரியாகப் படிகிறது. பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. தூண்களில் பளபளக்கும் கருமை வண்ணப்பூச்சல்ல. அடுப்புக்கு மேலே தொங்கும் பலகை தீப்பொறியைத் தடுத்துப் புகையைப் பரப்பிவிடும். பரணில் பட்டுப்புழு வளர்த்ததும் இந்த வெதுவெதுப்பை நம்பித்தான்.

அடுப்பைச் சுற்றித் தரைக்கடியில் குழி வெட்டி, மண், புல், பட்டுப்புழு எச்சம் ஆகியவற்றை அடுக்கிச் சில ஆண்டுகள் மக்கவிட்டு, வெடிமருந்துக்கான வெடியுப்பும் எடுத்தார்கள். மக்கிய மண்ணை நீரில் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சுவது முறை. ஊரின் மிகப்பெரிய கஷ்ஷோ வீட்டுக்காரரான வதா குடும்பம் இந்த வணிகத்தில் இருந்ததுதான்.

வேய்ந்த புல் 30, 40 ஆண்டு தாங்கும். மாற்றும்போது ஊரே கூடும். 'யுய்' எனப்படும் கைமாற்று உழைப்பு. யார் எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு கொடுத்தார் என்று கணக்கு எழுதிவைத்துப் பின்னால் திருப்பித் தருவார்கள். நூறு, இருநூறு பேர் ஏறினால் ஒரு சரிவு ஓரிரு நாளில் முடியும். வெளியே இருப்பவர் பெரிய மர ஊசியைக் கயிற்றோடு குத்துவார். பரணில் இருப்பவர் அதை வாங்கிக் கைமரத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். கண்ணால் பார்க்கமுடியாத இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தவறு நேரும். கட்டு தளர்ந்தால் புல் சரிந்து பள்ளம் விழும், அங்கே நீர் தேங்கும். முதலில் மக்குவது முகடு. அதனால் முகட்டுப் புல்லை மட்டும் அடிக்கடி மாற்றுகிறார்கள்.

ஆளில்லாமல் அடுப்பு அணைந்த வீடு வெளியே அழகாகவே இருக்கும், உள்ளே கயிறு பூஞ்சணம் பூக்கும். எரிகிற அடுப்போ புல்வீட்டுக்கு எமன். கிராமம் முழுக்கத் தண்ணீர்ப் பீரங்கிகள் பதித்திருப்பது அதற்காகத்தான். ஆனாலும் பார்வைக்குத் திறந்துள்ள சில வீடுகளில் இன்றும் இரோரியை மூட்டுகிறார்கள். கண் எரியும், சட்டையில் வாசம் ஒட்டும்.